தனி ஆளாக இணைய ஸ்டார்ட்அப்: கணக்குப் பார்க்க வேண்டியது மணிநேரத்தை

இஸ்ரேலைச் சேர்ந்த மாவோர் ஷ்லோமோ தொடங்கிய பேஸ்44 என்ற ஏஐ மென்பொருள் நிறுவனத்தை, வலைத்தளம் அமைத்துத் தரும் விக்ஸ் நிறுவனம் 2025 ஜூனில் 8 கோடி டாலருக்கு வாங்கியது. நிறுவனம் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நிறுவனர் ஒருவரே. அதற்கு முந்தைய ஆண்டு, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மன், ஒரே ஆள் நடத்தும் நூறு கோடி டாலர் நிறுவனம் எந்த ஆண்டில் வரும் என்று தன் நண்பர்கள் வட்டத்தில் பந்தயம் ஓடுவதாகச் சொல்லியிருந்தார். கூட்டாளி வேண்டாம், முதலீடு வேண்டாம், ஏஐ துணை இருந்தால் ஒரு லேப்டாப்பில் நிறுவனம் நடத்திவிடலாம் என்ற பேச்சு இப்போது நம் கல்லூரி விடுதிகள் வரை வந்துவிட்டது.

இன்னொரு பக்கம் பழைய அறிவுரை ஒன்று இருக்கிறது: தனியாகத் தொடங்காதே. புதிய நிறுவனங்களுக்குத் தொடக்க முதலீடு தரும் ஒய் காம்பினேட்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம், ஸ்டார்ட்அப்களைக் கொல்லும் தவறுகளை 2006இல் பட்டியலிட்டபோது ஒற்றை நிறுவனர் என்பதைத்தான் முதலில் வைத்தார். வேலையை விடலாமா என்று யோசிக்கிற ஒருவருக்கு இந்த இரண்டில் எதை நம்புவது என்ற குழப்பம் வருவது இயல்பு. இரண்டு தரப்பும் வெவ்வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகின்றன என்பதே குழப்பத்தின் வேர்.

## ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்

1. தனி நிறுவனர். பங்கும் இறுதி முடிவும் ஒருவரிடம். ஊழியர்கள் இருக்கலாம். பேஸ்44 இந்த வகை. விற்கும்போது ஷ்லோமோவிடம் ஒரு சிறு குழு வேலை செய்துகொண்டிருந்தது.

2. தனி ஆள் நிறுவனம். கோடு (கணினி நிரல்) எழுதுவது, தளம் ஓடும் கணினியான சர்வரைப் பார்ப்பது, வாடிக்கையாளர் மெயிலுக்குப் பதில் போடுவது, ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்புவது எல்லாமே ஒரே ஆள். ஊழியர் என்று யாரும் இல்லை.

ஒரு நிறுவனம் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு மாறலாம். கனடாவின் வான்கூவரில் மார்கஸ் ஃப்ரிண்ட் 2003இல் தொடங்கிய பிளென்டி ஆஃப் ஃபிஷ் என்ற துணை தேடும் தளத்தைச் சில ஆண்டுகள் தன் வீட்டிலிருந்து தனியாகவே நடத்தினார். பிறகு ஆட்களை வைத்தார். 2015இல் 57.5 கோடி டாலருக்கு விற்றார்.

கிரஹாமின் எச்சரிக்கை, முதலீடு வாங்கி மிக வேகமாக வளர வேண்டிய நிறுவனங்களைப் பார்த்துச் சொன்னது. அந்த ஓட்டத்தில் மனம் தளரும் நாளில் தாங்கிப் பிடிக்கவும், தவறான யோசனையைத் தடுக்கவும் இன்னொருவர் வேண்டும் என்பது அவர் வாதம். ஜேசன் கிரீன்பெர்க், ஈதன் மாலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டிய தொழில்களை ஆராய்ந்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. தனியாகத் தொடங்கியவை குழுவாகத் தொடங்கியவற்றைவிட நீண்டகாலம் தாக்குப்பிடித்தன. வருமானத்திலும் இருவர் தொடங்கியவற்றுக்குக் குறைந்துவிடவில்லை. பெரிய முதலீட்டுப் பந்தயத்துக்கு ஒரு விடை, மெதுவாக வளர்ந்து முதல் வருடமே சோறு போட வேண்டிய தொழிலுக்கு வேறொரு விடை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது, அதிலும் ஊழியரே இல்லாத தனி ஆள் நிறுவனத்தைப் பற்றியது.

## அடிப்படைக் கணக்கு

தனி ஆளிடம் வாரத்துக்கு 50 மணிநேர வேலை நேரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பணம் குறைந்தால் கடன் வாங்கலாம். இந்த 50ஐ யாரிடமும் கடன் வாங்க முடியாது. ஆகவே எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியால் அளக்க வேண்டும்: இது இன்றைக்கு எத்தனை மணிநேரம் கேட்கிறது என்பதைவிட, இனி வரும் ஒவ்வொரு மாதமும் எத்தனை மணிநேரம் கேட்கப்போகிறது? அந்த மாதாந்தரப் பிடித்தத்தை இங்கே நிலை நேரம் என்று அழைப்போம். வாடகை போல அது நின்றுகொண்டே இருக்கும். தொழில் வளர்ந்தால் ஏறும்.

ஒரு சிறு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலை வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள். எக்செல் ஃபைலை அப்படியே ஏற்றும் வசதி வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். எழுத இரண்டு நாள். வெளியிட்ட மறுவாரம் முதல் மெயில் வருகிறது: பெயர்களெல்லாம் புரியாத எழுத்தாக வருகின்றன. திறந்து பார்த்தால் அந்தப் பட்டியல் இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடில் இல்லை, ஏதோ பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அடுத்தவர் 91 சேர்த்த 12 இலக்க மொபைல் எண்களை அனுப்பியிருக்கிறார்; எக்செல் அவற்றை 9.1984E+11 என்று சுருக்கிக் காட்டி, வெறும் எழுத்து ஃபைலான சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கடைசி இலக்கங்களைத் தின்றுவிட்டது. மூன்றாமவருக்கு 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதில் பிரச்சினை. யார் மீதும் தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் வேலை இனி மாதம் ஐந்து மணிநேரம் வாடகை கேட்கும்.

ஏஐ கருவிகள் எதை மாற்றியிருக்கின்றன என்பதும் இங்கே தெளிவாகிறது. இரண்டு நாள் வேலை இரண்டு மணிநேரமாகிவிட்டது, உண்மைதான். மாதம் ஐந்து மணிநேரம் அப்படியே நிற்கிறது. எழுதுவது சுலபமாகிவிட்டதால் வசதிகளை அடுக்கத் தோன்றும். நிலை நேரம் முன்பைவிட வேகமாக ஏறும். தானே வாசித்துப் புரிந்துகொள்ளாத கோடு நள்ளிரவில் உடைந்தால் அதைப் பிரித்துப் பார்க்கவும் கூடுதல் நேரம் ஆகும். தனி ஆளுக்கு என் முதல் ஆலோசனை இதனால்தான் கொஞ்சம் கசப்பானது: கேட்கப்படும் வசதிகளில் பெரும்பாலானவற்றுக்கு மரியாதையாக "இல்லை" சொல்லப் பழக வேண்டும்.

## பின்போர்டு: விலையே தடுப்புச் சுவர்

இணையப் பக்கங்களின் முகவரிகளைச் சேமித்து, குறிச்சொல் போட்டு வைத்துக்கொள்ளும் சேவை பின்போர்டு. மாச்சேய் செக்வோஃப்ஸ்கி 2009இல் தொடங்கினார். ஆரம்பத்தில் ஒரு கூட்டாளி இருந்தார்; பிறகு பல ஆண்டுகள் தனி ஆள்தான். அதே வேலையை இலவசமாகச் செய்த டெலிஷியஸ் என்ற பெரிய தளம் அப்போது யாகூவின் கையில் இருந்தது.

செக்வோஃப்ஸ்கி வைத்த விலை விசித்திரமானது. சேரும்போது ஒரே ஒருமுறை கட்டணம். ஏற்கனவே சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை 0.001 டாலரால் பெருக்கினால் வருவது அன்றைய விலை. 5,000 பேர் இருந்தால் 5 டாலர், 10,000 பேர் இருந்தால் 10 டாலர். பார்க்க விளையாட்டு போல இருக்கும். ஆனால் அது தனி ஆளுக்குத் தேவையான மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்தது. முன்னால் வருகிறவருக்கு மலிவு என்பதால் தயங்குகிறவர் சீக்கிரம் சேர்ந்தார். கூட்டம் ஏற ஏற விலையும் ஏறியதால் வளர்ச்சி தானாகவே மிதப்பட்டது. மூன்றாவதுதான் முக்கியம்: பணம் கொடுக்க வேண்டும் என்றதும் குப்பை விளம்பரங்களைக் கொட்டும் ஸ்பாம் ஆசாமிகள் வரவில்லை. இலவசத் தளம் நடத்துகிறவரின் நேரத்தில் எவ்வளவு பகுதி ஸ்பாமைத் துரத்துவதில் போகிறது என்பது நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2010 டிசம்பரில் யாகூவின் உள்கூட்டத்தில் காட்டிய ஒரு ஸ்லைடு வெளியே கசிந்தது. மூடப்போகும் சேவைகளின் வரிசையில் டெலிஷியஸ் இருந்தது. பயனர்கள் ஒரே நாளில் சாரை சாரையாகப் பின்போர்டுக்கு வந்தார்கள், ஒவ்வொருவரும் பல வருடச் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு. தளம் தாக்குப்பிடித்ததற்கு இன்னொரு காரணம் அதன் கட்டுமானம். பிஎச்பி, பெர்ல், மைஎஸ்க்யூஎல் என்று அன்றைக்கே பழசாகிவிட்ட கருவிகள். அவற்றில் என்ன உடையும், உடைந்தால் என்ன செய்வது என்பது பத்து வருடமாக உலகத்துக்கே தெரியும். புதுக் கருவியில் வருகிற பிழைக்கு விடை தேட ஆள் பலம் வேண்டும். தனி ஆளிடம் அது கிடையாது.

2011இல் டெலிஷியஸ் புதிய உரிமையாளர்களிடம் போய் மாற்றி வடிவமைக்கப்பட்டது. பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர் புனைகதை எழுதி வாசிக்கும் பெரிய சமூகம் ஒன்று அதில் குறிச்சொற்களை வைத்தே இயங்கிவந்தது. அவர்களுக்கு வேண்டிய வசதிகள் உடைந்துபோயின. உங்களுக்கு என்ன வேண்டும் என்று செக்வோஃப்ஸ்கி கேட்டார். 50 பக்கத்தைத் தாண்டிய ஒரு ஆவணத்தை அவர்கள் கூட்டாக எழுதி, ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். காசு கொடுக்கத் தயாராக இருக்கிற, தங்களுக்கு வேண்டியதைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர் கூட்டம் தனி ஆளுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சொத்து. எந்த விளம்பரத்தாலும் அது கிடைக்காது.

பின்போர்டு 2015இல் புதிதாகச் சேர்வோருக்கு ஆண்டுச் சந்தாவுக்கு மாறியது, ஆண்டுக்கு 11 டாலர். ஒருமுறைக் கட்டணத்தின் பலவீனம் அதில் தெரிகிறது: செலவு ஆண்டுதோறும் வருகிறது, வரவு ஒரே தடவை. 2017இல் செக்வோஃப்ஸ்கி டெலிஷியஸையே 35,000 டாலருக்கு வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலையில் வைத்தார்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் தளத்தில் கோளாறுகள் நீடிக்கின்றன, மெயிலுக்குப் பதில் வருவதில்லை என்று பழைய சந்தாதாரர்கள் குறைப்பட்டார்கள். ஒரு மனிதரின் கவனம் வேறு பக்கம் திரும்பினால் நிறுவனத்தின் மொத்தக் கவனமும் திரும்பிவிடுகிறது. தனி ஆள் நிறுவனத்தின் சந்தா வாங்குகிறவர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும். விற்கிறவர் மறைக்காமல் விற்க வேண்டும்.

## தூங்கும் நேரத்தில் சர்வர் விழுந்தால்

சேவை வருடத்தில் எவ்வளவு நேரம் இயங்கும் என்பதைச் சதவீதத்தில் வாக்குறுதி கொடுப்பது வழக்கம். 99.9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம்தான் நிற்கலாம். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்குச் சற்று மேல். தனி ஆள் இரவு 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறார் என்றால், 11.05க்குச் சர்வர் விழுந்த ஒரே ஒரு இரவு 99.9 சதவீத வாக்குறுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைச் சாப்பிட்டுவிடும். மருத்துவமனை, பணப் பரிமாற்றம், தேர்வு நடத்துவது போன்ற, நின்றால் யாருக்காவது பெரும் பாதிப்பு வரும் துறைகளைத் தனி ஆள் தொடவே கூடாது என்பது என் கருத்து. ஒரு இரவு நின்றாலும் மறுநாள் காலை மன்னிக்கக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பாதுகாப்பு.

கனடாவின் கோலின் பெர்சிவல் பெரும்பாலும் தனி ஆளாக நடத்தும் டார்ஸ்னாப் என்ற, தரவின் நகலைக் காத்து வைக்கும் பேக்கப் சேவை 2023 ஜூலை தொடக்கத்தில் சுமார் 26 மணிநேரம் நின்றது. அமேசானிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய மைய சர்வர் விழுந்துவிட்டது. தரவு எதுவும் தொலையவில்லை. ஆனால் சர்வரைப் பழைய நிலைக்குத் திரும்பக் கட்டியெழுப்ப அவ்வளவு நேரம் பிடித்தது. அதன்பின் என்ன நடந்தது, எந்தப் படியில் நேரம் போனது என்பதை அவரே விரிவாக எழுதி வெளியிட்டு, வாடிக்கையாளர் கணக்குகளில் ஈட்டுத்தொகையும் வரவு வைத்தார். தனி ஆளிடம் மக்கள் எதிர்பார்ப்பது இந்த நேர்மையைத்தான்.

இந்தியாவில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, இணையப் பாதுகாப்பு மீறல் தெரியவந்ததிலிருந்து 6 மணிநேரத்துக்குள் அதை அறிவிக்க வேண்டும்; சர்வரில் தானாகப் பதிவாகும் நடவடிக்கைப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அதிகபட்சமாக 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. சேகரிக்காத தரவு கசியாது. பிறந்த தேதி, ஆதார் எண், வீட்டு முகவரி என்று தேவையில்லாமல் கேட்கிற ஒவ்வொரு கட்டமும் ஒரு பொறுப்பு.

செய்ய வேண்டியவை:

1. தளம் நின்றால் மெயில் வந்தால் போதாது, போன் அடிக்க வேண்டும். அந்தக் கண்காணிப்பு உங்கள் சர்வரிலேயே ஓடக் கூடாது.
2. பேக்கப் வேறு நிறுவனத்தில், வேறு பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து வேறொரு கணினியில் உயிர்ப்பித்துப் பார்க்க வேண்டும். உயிர்ப்பித்துப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.
3. வெள்ளிக்கிழமை மாலையிலும் பயணத்துக்கு முந்தைய நாளும் புதிய கோடு ஏற்றக் கூடாது.

## பணம் வாங்கும் முறை

மாதச் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா? பலர் இதை விற்பனைக் கேள்வியாகப் பார்க்கிறார்கள். தனி ஆளுக்கு இது நேரக் கேள்வி.

ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலானபோது, கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகள் பல ஒரே நேரத்தில் நின்றன. முதல் பதிவுக்கு ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு, ஒவ்வொரு முறையும் பணம் எடுக்கக் குறைந்தது 24 மணிநேரம் முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு என்பது விதி. ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய உச்சவரம்பு அப்போது 5,000 ரூபாய், 2022இல் 15,000 ஆனது. யூபிஐ ஆட்டோபே 2020 முதல் இருக்கிறது. விதி வாடிக்கையாளருக்கு நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வசூலும் தோற்க ஒரு வாய்ப்பு.

500 வாடிக்கையாளர்கள், மாதம் 100 ரூபாய் என்று வைப்போம். வருடத்துக்கு 6,000 வசூல்கள். நூற்றில் ஐந்து தோற்றால் 300. ஒவ்வொன்றுக்கும் மெயில், விளக்கம், சரிபார்ப்பு என்று 10 நிமிடம் போனால் 50 மணிநேரம். ஒரு முழு வேலை வாரம் அதிலேயே முடிந்தது. அதே 500 பேரிடம் வருடத்துக்கு 1,000 ரூபாய் வாங்கினால் தோல்வி 25, நேரம் நான்கு மணிக்குச் சற்று மேல். இரண்டு மாதக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் ஆண்டுச் சந்தாவே மேல். டார்ஸ்னாப் வேறு வழியில் இதையே செய்கிறது: முன்பணம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், உபயோகத்துக்கு ஏற்பக் கழியும்.

ரீஃபண்ட் கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட வேண்டும். 1,000 ரூபாய்க்காக நான்கு மெயில் வாதாடுவது நட்டம்.

## சட்ட வடிவம், சுருக்கமாக

சொந்தப் பெயரில் தனி உரிமையாளர் தொழிலாகத் தொடங்குவது மலிவு, சுலபம். ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் தொழிலும் ஒன்று. தொழிலின் கடன் வீட்டு வாசலுக்கு வரும். 2013 கம்பெனிச் சட்டம் கொண்டுவந்த ஒருநபர் கம்பெனி என்ற வடிவத்தில் பொறுப்பு கம்பெனியோடு நிற்கும். 2021 ஏப்ரல் முதல் மூலதனம் 50 லட்சத்தையோ விற்றுமுதல் 2 கோடியையோ தாண்டினால் வடிவம் மாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கிவிட்டது. பதிலுக்கு ஆண்டுத் தணிக்கை கட்டாயம். ஆண்டறிக்கைப் படிவங்கள் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். பங்குதாரர் ஒருவர்தான் இருக்க முடியும் என்பதால் பங்கு கொடுத்து முதலீடு வாங்க வேண்டுமானால் பிரைவேட் லிமிடெட்டாக மாற்ற வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவுக்குச் சேவைத் தொழிலில் பொதுவான வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம். வெளிநாட்டு நிறுவனங்களிடம் நேரடியாகச் சர்வரோ மென்பொருளோ வாங்கினால் வாங்குகிறவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் என்ற தனி விதி குறுக்கே வரலாம். அதை முதல் மாதமே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. வெளியாருக்குக் காசு கொடுத்துச் செய்விக்கும் முதல் வேலை கணக்காக இருக்கட்டும்.

## அந்த ஒருவர் இல்லாமல் போனால்

ஒருநபர் கம்பெனியைப் பதிவு செய்யும்போதே ஒரு நாமினியின் பெயரையும் அவரது எழுத்துச் சம்மதத்தையும் கொடுக்க வேண்டும். உறுப்பினர் இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ நாமினி உறுப்பினராவார். தனி ஆளின் மரணத்தைச் சட்டம் யோசித்திருக்கிறது.

சர்வர் யோசிக்கவில்லை. நாமினியான மனைவியோ தம்பியோ கம்பெனியின் பங்குக்கு உரியவராகிவிடுவார்; ஆனால் தளத்தின் முகவரியான டொமைனின் கணக்குக்குள் நுழைய ஓடிபி போகும் போன் பூட்டிக் கிடக்கும். அந்த எண்ணைச் சில மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் வேறொருவருக்குப் போய்விடும். கிரெடிட் கார்டு ரத்தானதும் சர்வர் பில் தவறும், பிறகு சர்வர் நிற்கும், அதன்பின் வாடிக்கையாளர்களின் தரவு அழியும். இறப்பு வரை போக வேண்டியதில்லை. டெங்குவில் பத்து நாள் படுத்தாலே இதில் பாதி நடக்கும்.

ஆகவே காகிதத்தில் ஒரு உறை வேண்டும். அதற்குள் இருக்க வேண்டியவை:

1. டொமைன், சர்வர், மெயில், பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வே ஆகிய நான்கு கணக்குகளுக்கான மீட்புக் குறியீடுகள், அதாவது போன் இல்லாமலும் நுழைய உதவும் எண்கள். பாஸ்வேர்டைவிட இவை முக்கியம்.
2. புதிய சந்தா வாங்குவதை நிறுத்துவது எப்படி, வாடிக்கையாளர்கள் தங்கள் தரவை இறக்கிக்கொள்ளும் பக்கத்தைத் திறந்துவைப்பது எப்படி என்று கணினி தெரியாதவருக்கும் புரியும் ஒரு பக்கக் குறிப்பு.
3. உதவிக்கு அழைக்கக்கூடிய ஒரு டெவலப்பர் நண்பரின் எண். அவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
4. மீதிச் சந்தாவைத் திருப்பித் தரும் அளவுக்குக் கம்பெனிக் கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்ற விவரம்.

டொமைனை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்காமல் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

உறையை எழுதி பீரோவில் வைத்தால் மட்டும் வேலை முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை நாமினியின் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் போனையும் அவரிடம் தராமல், அடுத்த அறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். டொமைன் கணக்குக்குள் அவரால் நுழைய முடிகிறதா, சந்தாவை நிறுத்த முடிகிறதா, ஒரு வாடிக்கையாளருக்கு 100 ரூபாயைத் திருப்பி அனுப்ப முடிகிறதா என்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் நின்று "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கூப்பிடுகிறாரோ, அந்த வரியை அன்று மாலையே மாற்றி எழுத வேண்டும்.